அறுபத்தோரு கள்ள ஓட்டுகள்

7

மணி ஒன்றேகால். நாலு மணிக்கு ஆஷாவின் படிப்புக்குச் சமாதி கட்டப்போகிறார்கள். ரஞ்சிதமோ தயிர்சாதத்துக்கு ஊறுகாய் போதவில்லை என்று பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பீட்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை வேறு வயிற்றைக் கிள்ளியது. தங்கவயல் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, சுரங்கத்தை மூடிய கையோடு பெங்களூருக்கு வந்து, பிரேசர் டவுனில் 'ரஞ்சிதம் புலனாய்வு நிலையம்' என்ற இந்த ஒற்றை அறையில் உதவியாளனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பூமிக்கடியில் இரண்டு மைல் இறங்கியபோதுகூட அவனுக்கு இவ்வளவு படபடப்பு வந்ததில்லை.

"அக்கா, அந்தப் பாட்டில்ல ஊறுகா இல்ல. குற்றவாளியும் இல்ல" என்றான்.

"சும்னே உக்காரு பீட்டரு. பசியோட யோசிச்சா எல்லாரும் திருடனாத்தான் தெரிவாங்க."

ரஞ்சிதம் இருபத்திரண்டு வருடம் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவள். ஊரார் பொய்யையெல்லாம் காதில் வாங்கி வாங்கி, குரலை வைத்தே ஆளை எடைபோடுவாள். எதிர் நாற்காலியில் ஆஷா ஒரு காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

விஷயம் இதுதான். ஆஷா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. உள்ளூர் கேபிள் சேனல் சொல்வதைக் கேட்டு ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்களா, போடாமல் இருக்கிறார்களா என்பது தலைப்பு. அதற்காகத் தான் குடியிருக்கும் வில்லியம்ஸ் காலனியையே எடுத்துக்கொண்டாள். ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலனியில், பட்டியலில் இன்னும் பெயர் சேராத ஆஷாவை விட்டால், எழுபது ஓட்டு. குழாயில் தண்ணீர் வராத கோபத்தில், மாநகராட்சித் தேர்தலையே புறக்கணிப்பது என்று எழுபது பேரும் முடிவு செய்தார்கள். ஆஷாவின் அம்மா சொர்ணம்தான் தலைவி. கற்பூரம் ஏற்றியும் பைபிளில் கை வைத்தும் புத்தர் படத்துக்கு முன்னால் நின்றும் அவரவர் வழக்கப்படி சத்தியம் செய்தார்கள். சேனல்காரன் அதைப் பத்து நாள் விடாமல் காட்டினான். ஆஷா வீடு வீடாக ஃபாரத்தோடு போய்க் கேட்டபோதும் எழுபது பேரும் 'போட மாட்டேன்' என்றே சொன்னார்கள்.

தேர்தல் முடிந்தது. பார்த்தால், காலனியிலிருந்து அறுபத்தோரு ஓட்டு விழுந்திருக்கிறது! கோவிந்தப்பா முப்பத்தேழு ஓட்டில் ஜெயித்தார். தோற்றுப்போன முனிகிருஷ்ணன் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். அறுபத்தோரு பேரும் 'நாங்க போடல' என்று ஒரே மாதிரி சொன்னார்கள். அப்படியானால் கள்ள ஓட்டு. அதுவும் வயது, அப்பா பெயர், கதவு எண் என்று அதிகாரி கேட்டதற்கெல்லாம் பிசகில்லாமல் பதில் சொல்லிப் போட்ட கள்ள ஓட்டு. அத்தனை விவரமும் ஒரே கட்டாக யாரிடம் இருந்தது? ஆஷாவிடம்.

'அம்மாக்காரி ஜனத்த வீட்டுல உக்கார வெச்சா, பொண்ணு பட்டியல வித்துட்டா' என்று முனிகிருஷ்ணன் பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதிவிட்டார். இன்று நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. விற்கவில்லை என்று ஆஷா நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ரஞ்சிதம் கை கழுவிவிட்டு வந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை மேஜையில் விரித்தாள். முனிகிருஷ்ணனின் பூத் ஏஜென்ட் அன்று குறித்துவைத்த வரிசை. யார் எத்தனை மணிக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று வரிசை எண்ணோடு இருந்தது.

"ஆஷா, இந்த ஏஜென்ட் உங்க காலனி ஆளா?"

"இல்ல ஆன்ட்டி. எங்க காலனில யாரும் ஏஜென்ட்டா உக்கார மாட்டேன்ட்டாங்க. ரெண்டு கட்சிக்கும் வெளியூர் ஆளுங்கதான். மூஞ்சி தெரியாது."

"சரி. எழுபதுல அறுபத்தொண்ணு போக மீதிப் பேரு என்ன ஆனாங்க?"

ஆஷா விரல் விட்டு எண்ணினாள். "பாஞ்சாலி ஆயா சத்தியம்லாம் பண்ணிட்டு, எலெக்‌ஷனுக்கு முன்னாடி தீபாவளி முடிஞ்சதும் செத்துட்டாங்க. ஒரு ஏழெட்டுப் பேரு அன்னிக்கு தங்கவயல்ல சங்கக் கூட்டம்னு காலைலயே ரயிலேறிட்டாங்க."

"அவங்க ஓட்டு விழல?"

"விழல."

ரஞ்சிதம் பீட்டரைப் பார்த்தாள். "பீட்டரு, நீ கள்ள ஓட்டுப் போடறவன்னு வெச்சுக்க. முதல்ல யாரு ஓட்டப் போடுவ?"

"செத்தவங்க ஓட்டத்தான்" என்றான் பீட்டர் யோசிக்காமல். "அவங்கதான் வந்து சண்ட போட மாட்டாங்க. அப்புறம் ஊர்ல இல்லாதவங்க..." சொல்லிக்கொண்டே வந்தவன் வாயைப் பிளந்தான். "அக்கா! இன்னா அக்கா இது? ஈஸியான ஓட்டையெல்லாம் விட்டுட்டு, உசுரோட ஊர்ல இருக்கறவங்க ஓட்டா பொறுக்கிப் போட்டிருக்கான்?"

"அதான் எனக்கும் புரியல. இன்னொண்ணு பாரு. கள்ள ஓட்டுக்காரங்க கும்பலா வருவாங்க, பத்து நிமிஷத்துல வேலைய முடிப்பாங்க. இங்க காலைல ஏழு மணிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஒவ்வொருத்தரா சொட்டியிருக்காங்க. ஒரு புருஷன் பொண்டாட்டிகூடச் சேந்தாப்பல வரல. புருஷன் ஒன்பது மணிக்கு, பொண்டாட்டி மூணரைக்கு."

"ஒழுங்கான குடும்பம்" என்றான் பீட்டர்.

ஆஷா சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, மணி ஒண்ணரை" என்றாள். பீட்டர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

*

கேபிள் சேனல் என்பது ஒரு கறிக்கடைக்கு மாடியில், இரண்டு வி.சி.ஆர்., ஒரு மேஜை, ஒரு பழைய கேமரா, விக்கி. அவ்வளவுதான். விக்கி தினமும் சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவன். செய்தி வாசிப்பவனும் அவன்தான், கேபிள் அறுந்தால் கம்பம் ஏறுபவனும் அவன்தான்.

"எங்க சேனல்னால ஆட்சியே மாறுது அக்கா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "காலனி ஜனங்க ஓட்டுப் போடாம இருந்ததே நம்ம டேப்பாலதான். ஆஷாவே எழுதியிருக்காங்க."

"ஆட்சி அப்புறம் மாறட்டும் குரு. டேப்ப மாத்து" என்றான் பீட்டர். "முனிகிருஷ்ணன் எடுக்கச் சொன்னாரே, ரிசல்ட்டுக்கு அப்புறம். அது."

டேப் சுழன்றது. திரையில் வில்லியம்ஸ் காலனியில் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர். முனிகிருஷ்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: 'இவங்க பேர்ல கள்ள ஓட்டு விழுந்திருக்கு! பாருங்க, ஒரு விரல்லகூட மை இல்ல!' முன்வரிசையில் நின்ற சொர்ணம் விறைப்பாகக் கையை உயர்த்தினாள். அவளைப் பார்த்து எல்லாக் கைகளும் உயர்ந்தன. கேமரா நிதானமாக விரல்களை வருடிக்கொண்டு போனது. ஒன்றிலும் மை இல்லை. எல்லாம் சுத்தமான விரல்கள்.

"இத நாலு நாள் ஓட்டினேன் அக்கா. ஊரே நம்பிடுச்சு."

ரஞ்சிதம் மறுபடி ஓட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. நெற்றியைத் தேய்த்தாள். மணி இரண்டு பத்து. வாசலில் நின்ற ஆஷா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதற்கும் வழி தெரியவில்லை என்பது ரஞ்சிதத்தின் முகத்திலேயே தெரிந்தது. பீட்டருக்குத் துக்கமாக இருந்தது. துக்கம் வந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"பாவம் அக்கா, எவ்ளோ ஏழைப்பட்ட காலனி. அறுபது பேர்ல ஒருத்தன் கைலகூட வாட்ச் இல்ல."

ரஞ்சிதம் வெடுக்கென்று திரும்பினாள். "என்ன சொன்ன?"

"வாட்ச் அக்கா. ஒருத்தர்கிட்டயும்..."

"உன் வாட்ச் எந்தக் கைல இருக்கு?"

பீட்டர் குனிந்து பார்த்தான். இடது மணிக்கட்டில் அவனுடைய பழைய வாட்ச் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஓட்டு மை எந்தக் கைல வெப்பாங்க?"

"இடது கைல!" என்று பீட்டர் கத்தினான். "இவங்க தூக்கினது அத்தனையும் வலது கை!"

"சத்தியம் பண்ற மாதிரி கையத் தூக்குன்னா நம்ம ஜனம் பீச்சாங்கையத் தூக்குமா? எதிர்ல கேமரா, கெபில மாதா. யாருக்கும் சந்தேகம் வரல. மை இல்லன்னு டிவில ஒருத்தர் சொல்லிட்டாரு. அப்புறம் எந்தக் கைன்னு எவன் பாக்கப்போறான்?" ரஞ்சிதம் திரையில் விரலால் தட்டினாள். "இப்ப இடது கையெல்லாம் எங்க இருக்குன்னு தேடு."

விக்கி படத்தை நிறுத்தினான். ஒருவன் கை பாக்கெட்டில். இன்னொருவன் கை முதுகுக்குப் பின்னால். பெண்கள் கை முந்தானைக்குள். குழந்தையைச் சுமந்தவளின் கை குழந்தையின் சட்டைக்குள்.

விக்கியின் காலர் தானாகவே இறங்கியது. "ஐயையோ" என்றான் மெல்ல.

ஆஷா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் அவள் அம்மாவின் இடது கையும் முந்தானைக்குள்தான் இருந்தது.

*

வில்லியம்ஸ் காலனிக்குள் ஸ்கூட்டர் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். ஸ்கூட்டரில் மூன்று பேர். வழியில் நின்ற போக்குவரத்துக் காவலரைப் பார்த்து பீட்டர் "எமர்ஜென்சி சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கெஞ்சிக் கூவிக்கொண்டே வந்திருந்தான்.

சொர்ணம் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்க்கிறவள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தும் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னாமா ஆச்சு? எதுனா தெரிஞ்சுதா?"

ஆஷா அம்மாவின் முந்தானையையே பார்த்தாள். பீட்டரும் பார்த்தான். வலது கை வெளியே, இடது கை உள்ளே. தண்ணீர் கொடுத்தபோதும் ஒவ்வொரு டம்ளராக வலது கையால்தான் கொடுத்தாள்.

ரஞ்சிதம் ஆஷாவிடமிருந்து ஃபாரம் கட்டை வாங்கினாள். பேச்சோடு பேச்சாக நூலை அவிழ்த்தாள். "இத உள்ள வெச்சிடுங்கம்மா" என்று சொர்ணத்திடம் நீட்டி, அவள் வாங்குவதற்குள் பிடியை விட்டாள்.

காகிதங்கள் சரிந்தன. மகளின் இரண்டு வருடப் படிப்பு ஈரத்தரையில் விழப்போகிறது என்றால் எந்தத் தாய் கையைப் பார்ப்பாள்? சொர்ணம் பாய்ந்து இரண்டு கைகளாலும் வாரிப் பிடித்தாள். இடது கையில் மட்டும் மருதாணி. ஐந்து விரல் நுனிக்கும் சிவக்கச் சிவக்கத் தொப்பி. ஆனால் ஆள்காட்டி விரல் நகத்தின் அடியில் மருதாணிக்கு அடங்காமல் கருநீலக் கோடு ஒன்று நின்றது.

"அம்மா?" என்றாள் ஆஷா.

சொர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காகிதத்தை மட்டும் விடவில்லை.

"பத்து நாளா நான் பேசினதையே டிவில போட்டுக்கினே இருந்தான்" என்றாள். "எழுபது பேரும் போடப்போறதில்லன்னு எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. அன்னிக்குக் காலைல கைகால் நிக்கல. பதினெட்டு வயசுலேர்ந்து ஒரு எலெக்‌ஷன் விட்டதில்லயே நான். ஊரே போடாதப்ப நான் ஒருத்தி போட்டா யாருக்குத் தெரியும்? ஜெயிச்சவன்கிட்ட நாளைக்குத் தண்ணி கேக்கணும்னா ஒரு மூஞ்சியாச்சும் வேணாமான்னு... ஆறரைக்கே போய் ஸ்கூல் கேட்டாண்ட நின்னேன்."

"அப்ப எனக்காக ஏன்மா வாயத் தொறக்கல? நாலு மணிக்கு என்னை வெளில தள்ளப்போறாங்கன்னு தெரியுமில்ல?" என்றாள் ஆஷா.

"நான் சொன்னா ஒண்ணு கொறையும். மீதி அறுபது கள்ள ஓட்டு அப்படியேதானே இருக்கும்? உன்னக் காப்பாத்தவும் முடியாது, நான் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது?"

ரஞ்சிதம் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "சொர்ணம்மா, கள்ள ஓட்டு ஒண்ணுகூட விழல. நீங்க மட்டும்தான் நெசமாப் போட்டீங்க, மத்த அறுபதும் கள்ள ஓட்டுன்னு நெனைக்கறீங்க. இந்தக் காலனில இன்னும் அறுபது பேரு இதே நெனப்புல உக்காந்திருக்காங்க."

சொர்ணம் புரியாமல் விழித்தாள்.

"எழுபது பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்பினீங்க. டிவி நம்ப வெச்சுது. எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, நான் ஒருத்தன் போனா யாருக்குத் தெரியும்னு ஆளுக்கு ஒரு நேரத்துல பதுங்கிப் போயிருக்கீங்க. வழில பாத்திருந்தாலும், பாத்தவனும் சொல்ல மாட்டான், மாட்டிக்கிட்டவனும் சொல்ல மாட்டான்."

"புருஷன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லல" என்றான் பீட்டர். "ஒழுங்கான குடும்பம்னு சொன்னேனே, வாபஸ்."

ஆஷா சுவரோரம் நின்றபடி கேட்டாள். "நானே வந்து கேட்டேனேம்மா. உன்னாண்ட. போடுவியான்னு. போட மாட்டேன்ன."

"நீயா கேட்ட?" சொர்ணம் தலை நிமிராமல் சொன்னாள். "பேப்பரும் பேனாவும் இல்ல கேட்டுச்சு. பொண்ணா வந்து கேட்டிருந்தா ஒரு வேள சொல்லியிருப்பேன்."

வெளியே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. குடங்கள் சிமென்டில் மோதும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம். லாரி வந்தால் காலனியில் வீட்டுக்குள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். சொர்ணம் ஃபாரங்களை மகள் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள்.

*

குழாயடியில் சண்டை ஆரம்பமாகியிருந்தது. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் விக்கி.

"அத மூடிட்டு ஓரமா நில்லு" என்றாள் சொர்ணம். "நீ காட்டினவரைக்கும் போதும்."

லாரியின் பின் சக்கரத்தருகே இருந்த திட்டில் ஏறினாள். மருதாணிக் கையை உயர்த்தி, விரலை மடக்கி நகத்தைக் காட்டினாள். "நான் ஓட்டுப் போட்டேன்" என்றாள்.

சண்டை நின்றது. லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் யார் குடமும் இல்லாமல் கொட்டியது.

"சத்தியம் பண்ணச் சொன்னதும் நான்தான், ஒடைச்சதும் நான்தான். எம் பொண்ணு யாருக்கும் எதையும் விக்கல. அவ தலைல இன்னிக்கு நாலு மணிக்குக் கல்லு விழப்போகுது. நெசமாப் போட்டவங்க யாருனா இருந்தா, அவளுக்காக ஒரு கை காட்டுங்க."

பீட்டர் வாட்சைப் பார்த்தான். மூன்று மணி. யாரும் அசையவில்லை. பூக்கார ரஞ்சனி ஒரு தடவை தன் புருஷனைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். அவள் புருஷன் சீனு அதைப் பார்த்து "அடிப்பாவி!" என்றான். சொல்லிக்கொண்டே விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து அவனும் தூக்கினான்.

அப்புறம் அடை மழைதான். சந்து முழுக்கக் கைகள். கிரீஸ் தடவிய விரல், பெயின்ட் அடித்த விரல், நகத்தையே ஒட்ட வெட்டிய விரல், எலுமிச்சை தேய்த்துத் தேய்த்துப் புண்ணான விரல். எதிர்வீட்டைப் பார்த்து "நீயுமா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒம்போது மணிக்கு கேட்டாண்ட பாத்துட்டு ஓடினது நீதானா?" என்று இன்னொருத்தி கேட்டாள். யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு காலனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆஷா அழுதாள்.

ரஞ்சிதம் சிரிப்பதற்கு நேரம் கொடுக்கவில்லை. "எல்லாரும் ஒரே பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க. வேலைக்குப் போகாதவங்க ஆஷாகூட வாங்க. குழு முன்னால விரலக் காட்டுங்க. பீட்டரு, டெம்போ பிடி."

பழைய மார்க்கெட் டெம்போ ஒன்று கிடைத்தது. இருபது பேர் ஏறினார்கள். மூன்று இருபது. போய்ச் சேர்ந்துவிடலாம். இருபது மை விரலுக்கு முன்னால் எந்தப் புகாரும் நிற்காது என்று பீட்டருக்குத் தெரிந்தது. ஆஷாவுக்கும் தெரிந்தது. அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு டெம்போவில் ஏறக் காலை வைத்தாள்.

அப்போது முனியப்பன் வந்து நின்றான். பெயின்ட் வேலை செய்கிறவன், நாற்பது வயது இருக்கும். அவன் சிரித்திருக்கவில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையின் வெள்ளைச் சுண்ணாம்பு தவிர அதில் எதுவும் இல்லை.

"சொர்ணக்கா" என்றான். "அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு வீட்டுலயே உக்காந்திருந்தேன். சத்தியம் பண்ணிட்டோமேன்னு. எங்காளு முப்பத்தேழு ஓட்டுல தோத்துட்டாருன்னதும் ரெண்டு நாள் சோறு எறங்கல. சரி, எல்லாரும் சேந்துதானே விட்டோம்னு மனசத் தேத்திக்கினேன்."

டெம்போ டிரைவர் ஹாரன் அடித்தான். முனியப்பன் நகரவில்லை.

"அப்ப ஊர்ல இருந்துட்டு ஓட்டுப் போடாதவன் நான் ஒருத்தன்தானா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆஷா கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். எழுபது ஃபாரம் எழுதியிருக்கிறாள். அதில் சொன்னபடி நடந்தவன் இதோ நிற்கிறான்.

சொர்ணம் டெம்போவிலிருந்து இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஆமாம்பா" என்றாள். "நீ ஒருத்தன்தான்."

அவளால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.